எட்டு முழ வேட்டியில் ஒரு நாவல்

"இந்தப் பொண்ணு கதை முழுக்க ஒரு தையலைக்கூடப் பிரிக்கவே இல்லையே, டீச்சர்?"

எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, என் நாவலின் முதல் பிரதியைப் படித்துவிட்டுக் கேட்டது இதுதான். ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டுக் கொடுத்திருந்தேன். பத்து நாள் வைத்திருந்து மதியச் சாப்பாட்டு வேளைகளில் படித்திருக்கிறார். பக்க ஓரங்களில் சாக்பீஸின் நீலப்பொடி ஒட்டியிருந்தது.

கதை இதுதான். சேலம் அம்மாபேட்டையில் தறிக்காரர் வீட்டுப் பெண், வயது 17. ஆடை வடிவமைப்பில் பெரிய ஆளாக வரவேண்டும் என்று துடிப்பவள். சென்னையில் நடக்கும் ஒரு போட்டிக்குத் தேர்வாகிறாள். 210 பக்கம் எழுதியிருந்தேன். அவள் படம் வரைகிறாள், ஏங்குகிறாள், அம்மாவோடு சண்டை போடுகிறாள், முதல் பரிசு வாங்குகிறாள். அக்கா கேட்ட பிறகு, அவள் தைக்கும் இடங்களை எண்ணிப் பார்த்தேன். எல்லாம் சேர்த்தும் நான்கு பக்கம் தேறவில்லை.

நான் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கதைப்புத்தகம் தேடுவேன். சிறுவர் கதையைக் கொடுத்தால் தங்கைக்கு என்று எடுத்துப் போகிறார்கள். பெரியவர்களின் நாவலைக் கொடுத்தால் இருபதாம் பக்கத்தில் திரும்பி வருகிறது. அந்த வயதுக்கென்று நம் ஊரை வைத்து ஒன்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். என் அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தறிக்குத் தார், அதாவது குறுக்கு நூலுக்கான குழல், சுற்றியவர். தறியில் நாடா ஓடும் சத்தத்தில் தூங்கிப் பழகியவள் நான். அதனாலேயே இது எனக்குத் தெரிந்த கதை என்று நம்பிவிட்டேன். நெய்கிற வீட்டில் பிறந்திருந்தும், துணியை வெட்டுவது பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அந்தக் கோடை விடுமுறையில் தினமும் காலை பத்து மணிக்கு அக்கா கடைக்குப் போனேன். முதல் வாரம் எழுதவே இல்லை. ஹூக் கட்டினேன், காஜா எடுத்தேன், பிரித்தேன். பிரித்ததுதான் அதிகம். கைக்குழி சுருங்கிய ரவிக்கை, லைனிங் இழுத்துக்கொண்ட சுடிதார், இடம் மாறிய டாட் (உடம்புக்கு ஏற்பத் துணியைப் பிடித்துத் தைக்கும் மடிப்பு) என்று ஒரு நாளைக்கு இரண்டு மூன்றாவது பிரிக்க வந்துவிடும். பருத்தியில் பிரித்தால் ஊசி போன ஓட்டை, தண்ணீர் காட்டித் தேய்த்தால் பெரும்பாலும் மூடிக்கொள்கிறது. மூன்றாம் நாள் ஒரு வெள்ளைப் பட்டுத் துண்டை என் கையில் கொடுத்து, "இதுல ஒரு தையல் போட்டுப் பிரிச்சுப் பாருங்க" என்றார் அக்கா. பிரித்தேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வரிசையாகப் புள்ளிகள். நகத்தால் தேய்த்தேன், ஈரத் துணி வைத்து இஸ்திரி போட்டேன். தடம் போகவில்லை.

"பட்டுல தப்பு பண்ணக் கூடாது டீச்சர். தப்பெல்லாம் முன்னாடியே காடாத் துணியில பண்ணி முடிச்சிடணும்."

என் கதைப் பெண்ணுக்கு அதுவரை இல்லாத ஓர் ஆபத்து அங்கே கிடைத்தது. முதல் பிரதியில் அவளுக்கு வந்த தடைகள் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை: ஏளனம் செய்யும் சித்தப்பா, பணக்காரப் போட்டியாளர், மழை. அவற்றில் எதையும் இந்தப் பெண்தான் எதிர்கொள்ள வேண்டும் என்பதில்லை. எந்தக் கதையிலும் எந்தப் பெண்ணுக்கும் வரலாம். ஊசித் தடம் அப்படியில்லை. அவசரப்பட்டு, மலிவான பருத்தித் துணியான காடாவில் தைத்துப் பார்க்காமல் நேராகப் பட்டில் கை வைத்தால், அந்த அவசரம் துணியிலேயே பதிந்து நிற்கும். நடுவர் கிட்டே வந்து பார்த்தால் தெரியும். அவளுடைய குணமும் அவள் தொழிலும் ஒரே இடத்தில் சேர்ந்துகொண்டன.

தொழிலை வைத்து இளையோருக்குக் கதை எழுதுகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து முதலில் சொல்வது இதைத்தான்: அந்தத் தொழிலில் எந்தத் தவறைத் திருத்தவே முடியாது என்று அதைச் செய்கிறவர்களிடம் கேளுங்கள். "எப்படிச் செய்வீர்கள்" என்று கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரி சொல்வார்கள். "எது கெட்டால் கெட்டதுதான்" என்று கேட்டால்தான் கதை வரும்.

அடுத்து துணி. போட்டிக்கு அவள் எடுத்துப் போவது சேலம் வெண்பட்டு வேட்டி ஒன்று. புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ச் சரக்கு அது. மாப்பிள்ளை கட்டுகிற அந்த வேட்டியை ஒரு பெண் உடுப்பாக மாற்றுகிறாள் என்பது எனக்குப் பிடித்திருந்தது. முதல் பிரதியில் அப்பாவின் கல்யாண வேட்டியை வெட்டுவதாக எழுதி, இரண்டு பக்கம் கண்ணீர் விட வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டேன். இப்போது அவள் வெட்டுவது ஊடையில், அதாவது குறுக்கே ஓடும் நூலில், கோடு விழுந்ததால் விலை போகாமல் வீட்டிலேயே தங்கிவிட்ட ஒரு வேட்டி. எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. கோடு எந்த இடத்தில் விழுந்திருக்கிறதோ அதைத் தவிர்த்து உருவம் வைத்து வெட்ட வேண்டும். கண்ணீரைவிட அது கடினமான வேலை, எழுதுவதற்கும் சுவையான வேலை.

அந்த வேட்டியைத் தரையில் விரித்து நானே அளந்தேன். எட்டு முழம், நீளம் 144 அங்குலம். அகலம் 50 அங்குலம், இரு ஓரமும் இரண்டிரண்டு அங்குலச் சரிகைக் கரை. என் கதையில் அவள் தைத்தது கை வைத்த மேல்சட்டையும், கடைகளில் அம்ப்ரெல்லா கட்டிங் என்கிறோமே, அந்த முழுவட்டப் பாவாடையும். இடுப்பு 26, உயரம் 36 என்று வைத்துக்கொண்டு செய்தித்தாளை வெட்டி வேட்டி மேல் அடுக்கினேன். முழுவட்டத்துக்கு நடு ஓட்டையின் ஆரம் 4 அங்குலத்துக்குச் சற்று மேல். அதோடு உயரத்தைக் கூட்டினால் 40. ஆக வட்டத்தின் குறுக்களவு 80 அங்குலம். 50 அங்குல அகலத்தில் 80 அங்குல வட்டம் எப்படி விழும்? இரண்டு அரைவட்டமாக வெட்டி இணைக்கலாம் என்றால், அடுத்தடுத்து வைக்க நீளவாட்டில் 160 அங்குலம் வேண்டும். எதிரும் புதிருமாக நெருக்கி வைத்தாலும், கரைகளைக் கழித்தால் 145-ஐத் தாண்டுகிறது. இருப்பதே 144. பாவாடைக்கே போதவில்லை, மேல்சட்டைக்கு எங்கே போவது? இல்லாத துணியில் ஓர் உடுப்பைத் தைத்து அதற்கு முதல் பரிசும் கொடுத்திருக்கிறேன்.

செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு அரைவட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். இப்போது ஆரம் 8 அங்குலமும் கொஞ்சமும். உயரத்தோடு சேர்த்தால் 44 அங்குலத்துக்குச் சற்று மேல். கரைகளைக் கழித்தால் மீதியிருக்கும் அகலம் 46. உட்கார்ந்துவிட்டது! நீளத்தில் 89 அங்குலம் எடுத்துக்கொள்கிறது. மீதி 55 அங்குலத்தில் மேல்சட்டை. தையலுக்கு விட வேண்டியதையும், விழுந்திருக்கும் கோட்டையும் கணக்கில் எடுத்தால் ஒரு விரற்கடைகூட வீணாக்க முடியாது. முழுக்கை போய் கையில்லாத மேல்சட்டை ஆனது. அந்த ராத்திரி எனக்கு வந்த சந்தோஷத்தை அப்படியே அவளுக்குக் கொடுத்தேன். செய்தித்தாள் அடுக்கும் காட்சி இப்போது நாவலில் ஒன்பது பக்கம். வகுப்பில் வாசித்தபோது, கணக்கென்றால் ஓடுகிற பையன் ஒருவன் நோட்டை எடுத்து ஆரத்தைத் தானே போட்டுப் பார்த்தான்.

இந்தக் கணக்கோடு ஒரு வில்லங்கமும் சேர்ந்து வந்தது. அரைவட்டமாக வெட்டும்போது துணியின் சில பாகம் நேர் இழையில் இருக்கும், சில பாகம் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, இருக்கும். கிராஸாக விழுந்த இடம் தன் எடைக்கே இழுபட்டுக் கீழே இறங்கும். அதனால் தைத்த உடனே அடி மடிக்கக் கூடாது. ஒரு ராத்திரியாவது தொங்கவிட்டு, இறங்குவதெல்லாம் இறங்கிய பிறகு, தரையிலிருந்து அளந்து சமப்படுத்தி, அப்புறம்தான் மடிக்க வேண்டும். அக்கா இதைச் சொல்லும்போது நான் என் கதையின் நாள்கணக்கை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அந்த ஒரு ராத்திரி இல்லை. தைத்து முடித்த அன்று இரவு சென்னைக்கு ரயில், மறுநாள் காலை பத்து மணிக்குப் போட்டி.

அங்கேதான் நாவலின் நல்ல அத்தியாயம் பிறந்தது. ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் பெட்டி. மேல் பெர்த்தின் சங்கிலியில் ஹேங்கர் மாட்டிப் பாவாடையைத் தொங்கவிடுகிறாள். யார் தலையும் இடிக்காமல், டீக்காரர் கை படாமல், அம்மா கீழ் பெர்த்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து விடிய விடியக் காவல் இருக்கிறார். அதுவரை 'இந்தத் தையல் நமக்கு எதுக்கு' என்று சண்டை போட்ட அம்மா. அவர் மனம் மாறினார் என்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை. விடிவதற்கு முன்பே சென்ட்ரலில் இறங்கி, காத்திருப்போர் கூடத்தில் இருவரும் ஆளுக்கொரு பக்கமாக அடி மடிக்கிறார்கள். அந்த அடியின் சுற்று 139 அங்குலம். அக்காவை உட்கார வைத்துக் கடிகாரம் பார்த்தேன்: பட்டில் உருட்டி மடித்துக் கையால் தைக்கப் பத்து அங்குலத்துக்கு 12 நிமிடம். ஒருத்தியே செய்தால் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம். அடியைச் சமப்படுத்தவும் போட்டி நடக்கும் இடத்துக்குப் போகவும் நேரம் வேண்டும். இரண்டு பேர் செய்தால்தான் முடியும். அம்மா அங்கே இருந்தே ஆக வேண்டும் என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிட்டது.

கதைக்குள் நேரம் போடுகிறவர்கள் ஒவ்வொரு வேலைக்கும் இப்படிக் கடிகாரம் பிடித்துப் பாருங்கள். "இரவு பகலாகத் தைத்தாள்" என்று எழுதினால் பிள்ளைகள் நம்புவதில்லை. முதல் பிரதியைப் படித்த பத்தாம் வகுப்பு மாணவி கேட்டாள்: "மிஸ், இவ எப்ப தூங்குவா? பிளஸ் டூ பரீட்சை இல்லையா இவளுக்கு?" இன்னொருத்தி, "பஸ்ஸுக்குக் காசு யார்கிட்ட வாங்கினா?" என்றாள். அந்த வயதில் ஆசைக்கு அடுத்தபடி பெரிய விஷயம் காசு. இரண்டாம் பிரதியில் நூல், ஊசி, லைனிங், ரயில் கட்டணம் எல்லாவற்றுக்கும் அவள் ஒரு குறிப்பேட்டில் கணக்கு எழுதுகிறாள். சில அத்தியாயங்கள் அந்தக் கணக்கிலேயே முடிகின்றன. பெரிய வசனம் எதுவும் தராத பதற்றத்தை, குறிப்பேட்டின் மீதித் தொகை தருகிறது.

எனக்கு மிகவும் வருத்தம் தந்த பிழை வேறு. முதல் பிரதியில் சேலத்தை "ஒன்றுமில்லாத ஊர்" என்று அவள் வாயால் சொல்ல வைத்திருந்தேன். சின்ன ஊர்ப் பெண் பெரிய நகரத்துக்குப் போகிற கதை என்றால் ஊரைத் தாழ்த்தியாக வேண்டும் என்று எனக்குள் எங்கோ பதிந்திருக்கிறது. ஆடை வடிவமைப்பு சொல்லிக்கொடுக்கும் நிஃப்ட் கல்லூரி சென்னைக்கு வந்தது 1995-ல். சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் 1960-லிருந்து இருக்கிறது. துணி படிக்க வெளியூர்ப் பிள்ளைகள் இங்கே வருகிறார்கள். அந்த வழியே எத்தனை முறை போயிருப்பேன், கதையில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

அதைவிடப் பெரிதாக ஒன்றைத் தவறவிட்டிருந்தேன். ஆடியில் சேலத்தின் குகைப் பகுதியில் மாரியம்மன் கோயில் திருவிழாவில் நடக்கும் வண்டி வேடிக்கை. சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: புராணக் காட்சிகளை வண்டிகளில் ஜோடித்து, மனிதர்களே சாமி வேடமிட்டு நின்றபடி ஊர்வலமாக வருவார்கள். எந்த வண்டி நன்றாக இருக்கிறதோ அதற்குப் பரிசு. ராத்திரி விளக்கொளியில், ஆயிரக்கணக்கான பேர் நடுவில், தூரத்திலிருந்து பார்த்தாலே யார் எந்தச் சாமி என்று தெரிய வேண்டும். மணிக்கணக்கில் நின்றாலும் கிரீடமும் உடுப்பும் நழுவக் கூடாது. இதைவிட என்ன ஆடைப் போட்டி வேண்டும்? என் கதைப் பெண் பிறந்ததிலிருந்து வருடம் தவறாமல் அதைப் பார்த்து வளர்ந்தவள். அவளைப் போய் எதுவும் தெரியாதவளாகச் சென்னைக்கு அனுப்பியிருந்தேன்.

இப்போது இரண்டாம் அத்தியாயம் குகையில்தான் ஆரம்பிக்கிறது. ஆறு வயதில் மாமா தோளில் உட்கார்ந்து அம்மன் வேடத்தின் சேலை மடிப்பையே பார்க்கிறாள். வண்டி பக்கத்தில் வந்ததும், தூரத்தில் பட்டாகத் தெரிந்தது மலிவான சாட்டின் என்று கண்டுபிடிக்கிறாள். ஏமாற்றம் அடையவில்லை. "எப்படி அப்படித் தெரிஞ்சுது?" என்று மாமாவைக் குடைகிறாள். பின்னால் சென்னை மேடையில் மற்றவர்கள் நுணுக்கமான ஆரி ஊசி வேலையை நம்பி நிற்கும்போது, நடுவர் மேசை பத்தடி தள்ளி இருப்பதை இவள் ஒருத்திதான் கவனிக்கிறாள். சரிகைக் கரையை அகலமாக, ஒரே கோடாக, இடுப்பிலிருந்து அடிவரை இறக்குகிறாள். பாவாடையிலிருந்து வெட்டி எடுத்த அதே கரைதான்.

போட்டிக்கதையில் எதிராளியை எப்படி எழுதுவது என்பதில் தடுமாறினேன். முதலில் கோயம்புத்தூரிலிருந்து வரும் வசதியான பெண், திமிர் பிடித்தவள். அக்கா அவளைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை; பேச அவளிடம் ஒன்றும் இல்லை. இப்போது அவள் என் கதைப் பெண்ணைவிட நன்றாகப் பேட்டர்ன் போடத் தெரிந்தவள். டாட்டை எங்கே மூடினால் மேல்சட்டை உடம்பில் ஒட்டி உட்காரும் என்பது அவளுக்குக் கண்பார்வையிலேயே தெரியும். என் கதைப் பெண் அதைப் பார்த்து முதலில் பொறாமைப்படுகிறாள், அப்புறம் வெட்கத்தை விட்டுக் கேட்கிறாள். எதிராளியிடம் கதாநாயகிக்கு இல்லாத ஒரு திறமையைக் கொடுத்துவிட்டால் திமிர் தேவைப்படவே இல்லை.

தேடிப் படித்ததில் எதை விடுவது என்பதும் ஒரு பாடம். கிராஸ் கட்டிங் பற்றிப் படிக்கும்போது மதலேன் வியோனே என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளர் பற்றித் தெரிந்துகொண்டேன். 1876-ல் பிறந்தவர், 11 வயதில் தையல் வேலைக்குப் போனவர். துணியைக் கிராஸாக வெட்டுவதில் பேர் வாங்கியவர். புது உடுப்பைச் சின்ன மரப்பொம்மை மேல் சுற்றிப் பார்த்துத்தான் முடிவு செய்வாராம். ஆசை தாங்காமல் நூலகக் காட்சி ஒன்று எழுதி அவர் வாழ்க்கையை மூன்று பக்கம் சொன்னேன். திரும்பப் படித்தால் கதை நின்று வகுப்பு நடக்கிறது. எடுத்துவிட்டு, பொம்மையை மட்டும் வைத்துக்கொண்டேன். துணி வாங்கக் காசில்லாத பெண், தங்கையின் பொம்மைக்குக் கைக்குட்டையில் பாவாடை வெட்டிப் பார்க்கிறாள். படித்ததற்கு அது போதும்.

ஒரு பதிப்பகம், "இளையோருக்கு இவ்வளவு தையல் விவரம் வேண்டாம், காதல் கொஞ்சம் சேருங்கள்" என்று திருப்பி அனுப்பியது. இரண்டு நாள் சோர்ந்திருந்தேன். பிறகு செய்தித்தாள் அத்தியாயத்தையும் ரயில் அத்தியாயத்தையும் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். மணி அடித்தும் யாரும் எழவில்லை. விவரம் சலிப்பதில்லை, அதில் யாருக்கும் எதுவும் போகப்போவதில்லை என்றால்தான் சலிக்கிறது. ஒரு வரிகூடக் குறைக்காமல் வேறோர் இடத்துக்கு அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

முடிவை மூன்று தடவை மாற்றினேன். யார் ஜெயித்தார்கள் என்று சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவே இல்லை. 200 பக்கம் அவளோடு நடந்துவிட்டு முடிவு தெரியாமல் போவது அநியாயம் என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம். மூன்றாம் பரிசு. மேல்சட்டையின் இடது பக்கத்தில், அவசரத்தில் பிரித்துத் தைத்த இடத்தில், நடுவர் ஒருவர் விரலை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறார். அவ்வளவுதான். பதினான்கு பக்கம் இருந்த பரிசளிப்பு விழா இப்போது இரண்டு பக்கம்.

அச்சுக்குப் போகும் முன் மறுபடி அக்காவிடம் கொடுத்தேன். இந்தத் தடவை நான்கே நாளில் திருப்பிக் கொடுத்தார். ஒரே ஓர் இடத்தில் நீலப் பொடியில் கோடு போட்டிருந்தார். சென்ட்ரல் ஸ்டேஷன் காட்சி.

"அடி மடிக்கறாங்களே, எந்த நூலு?"

வெள்ளை நூல் என்றேன்.

"கடை வெள்ளை வேற, அந்த வேட்டி வெள்ளை வேற டீச்சர். ஒட்டாது, தனியா தெரியும். அவங்கம்மா தறிக்காரங்கதானே? வெட்டின துண்டு மிச்சம் இருக்குமே, அதுலயே உருவியிருப்பாங்க."

வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம் கேட்டேன். ஊடை நூலை உருவினால் தாங்காது, முறுக்கு கம்மி. நீளவாட்டில் ஓடும் பாவு நூலை உருவ வேண்டும், இரண்டு இழையாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார். கோடு விழுந்த எங்கள் வேட்டியின் ஓரத்தை எடுத்து ஒன்றை உருவியும் காட்டினார். அறுபது வருடப் பழக்கம், பார்க்காமலே விரல் போகிறது.

அன்று இரவு அந்தப் பக்கத்தைத் திருத்தினேன். இப்போது காத்திருப்போர் கூடத்தில் மகள் தன் பக்கத்தை மடிக்கிறாள். அம்மா தன் பக்கத்தை எடுக்கும் முன், மடியில் மிச்சத் துண்டை வைத்துக்கொண்டு, பாவு நூலாகப் பார்த்து ஒவ்வொன்றாக உருவி, இரண்டிரண்டாகச் சேர்த்து, ஊசியில் கோத்து மகளிடம் நீட்டுகிறார்.